வீட்டுமொழியைக் காவு கொடுக்கும் வைத்தியம்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று நேற்று வரை தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. இன்று "அ-அ-அ-அம்மா" என்று தொடங்கி முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு வாரம் கழிந்தும் திக்கல் குறையவில்லை. அந்த வீடு மாயாபந்தரில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் அடுத்து நடப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. பாட்டி வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசப் பழக்கச் சொல்வார். குழந்தை எதையோ கண்டு பயந்துவிட்டது என்று மந்திரிக்க ஒருவர் அழைத்துச் செல்வார். இவை பழைய வைத்தியங்கள். படித்தவர்கள் இவற்றை எளிதில் நகைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதே படித்தவர்களிடம் இன்னொரு வைத்தியம் இருக்கிறது. "வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால் குழந்தை குழம்பத்தான் செய்யும். தமிழை நிறுத்திவிட்டுப் பள்ளியின் மொழியை மட்டும் பேசுங்கள்" என்பது அந்த வைத்தியம்.

வசம்பைவிட இந்த அறிவுரை ஆபத்தானது. வசம்பை மருத்துவர் தடுக்கக்கூடும். அதில் உள்ள அசரோன் என்னும் பொருளின் நச்சுத்தன்மையைக் காரணம் காட்டி அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையைத் தடுக்க ஆளில்லை. அது ஆசிரியரின் வாயிலிருந்தும், சில வேளைகளில் மருத்துவரின் வாயிலிருந்தும், அறிவியலின் தோரணையோடு வருகிறது. அதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. மேலும், திக்கத் தொடங்கிய குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய உதவிகளில் சான்று உள்ளவை ஏறக்குறைய அனைத்தும் வீட்டில் நடக்கும் உரையாடலின் வழியாகவே செல்கின்றன. வீட்டுமொழியைப் பிடுங்குவது அந்த உதவி வரும் வழியையே அடைப்பதாகும்.

இந்தக் கேள்விக்கு மாயாபந்தரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான அவ்வூரின் அருகே வெபி என்னும் கரேன் கிராமம் இருக்கிறது. 1925 முதல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காக அழைத்துவரப்பட்ட கரேன் மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். சோட்டா நாகபுரியிலிருந்து மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர்களின் வழியினர் சாத்ரி பேசுகிறார்கள். தீவில் அவர்களுக்கு 'ராஞ்சி' மக்கள் என்றே பெயர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து குடியமர்த்தப்பட்டவர்கள் வங்காளி பேசுகிறார்கள். தெலுங்கரும் மலையாளிகளும் தமிழரும் பிழைப்பைத் தேடி வந்து தங்கியவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளி 28, ஹிந்தி 19, தெலுங்கு 13. இவர்கள் எல்லோரும் கடைத்தெருவில் சந்தித்துக்கொள்ளும் மொழி, கைதிக் குடியிருப்புக் காலத்தில் உருவான அந்தமான் ஹிந்தி. ஒரு தமிழ் வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வது அங்கே செய்தியே அன்று.

பன்மொழிச் சூழல் திக்கலை உண்டாக்குமானால் மாயாபந்தரில் பாதி ஊர் திக்கியிருக்க வேண்டும். ஒற்றை மொழி மட்டுமே வழங்கும் நாட்டில் திக்கலே இருக்கக் கூடாது. இரண்டும் உண்மையல்ல. எந்த மொழி பேசும் சமூகத்திலும் திக்கல் காணப்படுகிறது. எந்த ஒரு காலத்திலும் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது.

முதலில் திக்கல் எது, திக்கல் அல்லாதது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். தமிழில் எல்லோரும் தடுமாறுகிறோம். "நான் வந்து... நான் வந்து கடைக்குப் போகும்போது" என்பதில் வரும் 'வந்து' யாரையும் அச்சுறுத்துவதில்லை. சொல்லை முழுதாகத் திருப்பிச் சொல்வது, சொற்றொடரைப் பாதியில் விட்டு மாற்றித் தொடங்குவது, "அது... அது..." என்று இழுப்பது ஆகியவை மொழியைக் கற்கும் குழந்தைக்கு இயல்பு. திக்கல் வேறு வகை. "நா-நா-நா-நான்" என்று சொல்லின் ஒரு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப வரும். "ம்ம்ம்ம்மாமா" என்று ஓர் ஒலி நீளும். அல்லது வாய் சொல்லுக்குத் தயாராகி நிற்கும், ஒலி மட்டும் வெளிவராது. மூன்றாவதுதான் பார்ப்பவர்களை மிகவும் கலங்க வைப்பது. கண்ணை இறுக்குவது, தலையை ஆட்டுவது, காலைத் தட்டுவது போன்றவை சேரும்போது குழந்தை அந்தத் தடையோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த வேறுபாடு பன்மொழி வீட்டில் இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. அமெரிக்காவில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளைக் கோர்ட்னி பேர்டும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தபோது, திக்கல் இல்லாத இருமொழிக் குழந்தைகளின் பேச்சிலும் ஒருமொழிக் குழந்தைகளுக்கென வகுத்த அளவுகோலைத் தாண்டிய தடுமாற்றங்கள் இருந்தன. அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் நலமாக இருக்கும் குழந்தைக்கும் 'திக்குவாய்' என்ற பெயர் விழும். ஹிந்தியில் தெரிந்த சொல்லுக்குத் தமிழில் இணைச்சொல் தேடி ஒரு நொடி நிற்கும் மாயாபந்தர்க் குழந்தை திக்கவில்லை, தேடுகிறது. இதைப் பிரித்தறியத் தெரியாத ஆசிரியர் மொழியைக் குறைக்கச் சொல்கிறார். சில மாதங்களில் தேடல் குறைகிறது. 'பார்த்தீர்களா, குணமாகிவிட்டது' என்கிறார். இல்லாத நோய் இப்படித்தான் தீர்கிறது.

உண்மையான திக்கலின் தொடக்கம் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே. குழந்தை சொற்களைக் கோத்து நீண்ட வாக்கியங்கள் அமைக்கத் தொடங்கும் பருவம் அது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் எஹுட் யாயிரியும் நிக்கோலின் ஆம்ப்ரோஸும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குத் திக்கல் ஓரிரு நாட்களில், திடீரென, தொடங்கியிருந்தது. இது முக்கியமான செய்தி. திடீரென வருவதால்தான் மனிதர் அதற்கு ஒரு திடீர்க் காரணத்தைத் தேடுகிறார்கள்: நாய் குரைத்தது, இடி விழுந்தது, அப்பா அதட்டினார், புதிதாக அங்கன்வாடியில் சேர்த்தார்கள், ஹிந்தி பேசத் தொடங்கினான். அந்த வாரத்தில் எது நடந்ததோ அதன் மேல் பழி விழுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் வாழ்வில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது.

எதுவும் கிடைக்காவிட்டால் தாய் கிடைக்கிறார். "நீ எப்பப் பார்த்தாலும் பிள்ளையைத் திட்டிக்கிட்டே இருக்கே, அதான்" என்ற சொல்லைக் கேட்காத தாய் அரிது. மெல்போர்னில் ஷீனா ரைலி தலைமையில் 1,619 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு இந்தப் பழியைச் சோதித்தது. 2009இல் வெளியான அதன் முடிவுகளின்படி, தாயின் மனநிலைக்கும் திக்கலின் தொடக்கத்துக்கும் தொடர்பு இல்லை. குழந்தையின் கூச்ச சுபாவத்துக்கும் இல்லை. தொடர்புடையவையாகத் தெரிந்தவை: ஆண் குழந்தையாக இருத்தல், இரட்டைப் பிறப்பு, இரண்டு வயதில் சொல்வளம் மிகுந்திருத்தல், தாயின் உயர்ந்த கல்வி. சொல்வளம் மிகுந்த குழந்தைகளிடம் அது கூடுதலாகத் தென்பட்டது என்பதை, 'மந்தமான பிள்ளை' என்று முத்திரை குத்துவோர் கவனிக்க வேண்டும். மரபணுவின் பங்கும் இன்று மறுக்க முடியாதது. டென்னிஸ் டிரேனாவின் குழு, பாகிஸ்தானிய குடும்பங்களில் தொடங்கிய தேடலின் முடிவில், திக்கலோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களை 2010இல் அறிவித்தது. நாக்கில் கோளாறில்லை. ஆனாலும் 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் திக்குவோரின் நாக்கை வெட்டித் தைத்தார். கூழாங்கல்லைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

மொழி மேல் பழி சுமத்துவதற்குக் காட்டப்படும் சான்றுகளுக்கு வருவோம். முதற்சான்று 1937ஆம் ஆண்டுக்குரியது. டிராவிஸ், ஜான்சன், ஷோவர் ஆகியோர் அமெரிக்காவின் கிழக்குச் சிகாகோவில் 4,827 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒருமொழிக் குழந்தைகளில் 1.8 விழுக்காட்டினரும் இருமொழிக் குழந்தைகளில் 2.8 விழுக்காட்டினரும் திக்கியதாகக் கண்டனர். அங்கே இருமொழி பேசியவை பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள். வறுமை, இடப்பெயர்வு, புதிய ஊரின் ஏளனம் ஆகிய அனைத்தும் மொழியோடு சேர்ந்தே வந்தன. அவற்றைப் பிரிக்காமல் மொழியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது. இருமொழிக் குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைத் திக்கலிலிருந்து பிரிக்கும் கருவியும் அன்று இல்லை.

இரண்டாவது சான்று 2009இல் லண்டனிலிருந்து வந்தது. பீட்டர் ஹவலும் உடன் ஆய்வாளர்களும் திக்கலுக்காகச் சிகிச்சைக்கு வந்த 317 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தனர். இருமொழிச் சூழல் திக்கலின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கு இன்றும் மேற்கோளாக நீட்டப்படும் கட்டுரை இதுவே. மேற்கோள் காட்டுபவர்கள் முடிவுரையைப் படித்தார்களா என்பது ஐயம். அந்தக் கட்டுரை வீட்டுமொழியைக் கைவிடச் சொல்லவில்லை. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு ஆங்கிலம் கற்பதைத் தள்ளிப்போட்டால் திக்கலின் வாய்ப்பு குறையும், மீளும் வாய்ப்பு கூடும் என்றே அது கூறியது. ஐந்து வயது வரை வீட்டுமொழியை மட்டுமே பேசிய குழந்தைகளின் நிலை மேலாக இருந்தது என்பது அதன் கண்டுபிடிப்பு. அதாவது, அந்த ஆய்வை முழுமையாக ஏற்றுக்கொண்டால் மாயாபந்தர்த் தமிழ் வீட்டுக்கு அது சொல்வது: தமிழை வைத்துக்கொள்ளுங்கள், மற்றது மெல்ல வரட்டும். நடைமுறையில் வழங்கப்படும் அறிவுரையோ இதற்கு நேர் எதிரானது. அந்த ஆய்வின் மாதிரியே குறைபாடுடையது என்று ஆன் பேக்மனும் மார்க் ஆன்ஸ்லோவும் பிறரும் அதே ஆண்டில் மறுத்தெழுதினர். மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் வைத்துச் சமூகம் முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது என்ற அவர்களின் எதிர்வாதம் வலுவானது. ஆக, ஆய்வை ஏற்றாலும் வீட்டுமொழியை நிறுத்தச் சான்று இல்லை; மறுத்தாலும் இல்லை.

கற்றறிந்தோர் ஒரு வாதத்தை இங்கே முன்வைப்பதுண்டு. பேச்சின் மீது விழும் கோரிக்கைகள் குழந்தையின் திறனை மிஞ்சும்போது திக்கல் தலைதூக்குகிறது என்னும் ஒரு கோட்பாடு இருக்கிறது. ஆகவே ஒரு மொழியைக் குறைத்தால் சுமை குறையும் என்பது அவ்வாதம். கோட்பாடு மதிப்புக்குரியது. அதிலிருந்து இந்த முடிவு வராது. வீட்டில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹிந்தியைக் கடைத்தெரு அளவுக்கு மட்டும் அறிந்த தாய், இனி உறங்க வைப்பதையும் ஊட்டுவதையும் கொஞ்சுவதையும் ஹிந்தியிலோ அரைகுறை ஆங்கிலத்திலோ செய்ய வேண்டும். அவருடைய வாக்கியங்கள் கட்டளைகளாகச் சுருங்கும்: வா, சாப்பிடு, உட்கார், தூங்கு. குழந்தை தன் வலுக்குறைந்த மொழியில் தன் வலுமிக்க உணர்ச்சிகளைச் சொல்ல வேண்டும். பாட்டி வாயடைத்துப் போவார். சுமை குறைந்ததா, கூடியதா?

மொழியைப் பிடுங்குவது ஒரு தவறு என்றால், படித்த வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறு மௌனம். "கண்டுகொள்ளாதீர்கள், சொன்னால்தான் மனதில் பதியும்" என்பார்கள். இதன் வேர் அயோவாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய வெண்டல் ஜான்சன், தாமும் திக்கியவர். பெற்றோர் இயல்பான தடுமாற்றத்தைத் திக்கல் என்று பெயரிட்டுக் கண்டிப்பதால்தான் திக்கல் உருவாகிறது என்பது அவர் பரப்பிய கொள்கை. அதைச் சோதிக்க 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், "உனக்குத் திக்கல் தொடங்குகிறது, கவனித்துப் பேசு" என்ற பொருளில் மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் திக்குவோராக மாறிவிட்டதாக அத்தரவுகள் காட்டவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அவர்கள் பேசத் தயங்கினர், ஒதுங்கினர், வாயைப் பொத்திக்கொண்டனர். ஆய்வேடு வெளியிடப்படாமல் நூலகத்தில் கிடந்தது. 2001இல் ஒரு நாளிதழ் அதை வெளிக்கொணர்ந்தது; பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது; 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஆய்வு நெறிமுறை வகுப்பில் மட்டும் சொல்லி முடித்துவிடக்கூடிய கதையன்று இது. "ஒழுங்காப் பேசு" என்ற கண்டிப்பு திக்கலை உண்டாக்காமல் போகலாம், பேச்சையே அணைத்துவிடும் என்பதற்கு அது சாட்சி.

ஜான்சனின் கொள்கை சான்றில்லாமல் சரிந்தது. அது விட்டுச்சென்ற மௌனம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. குழந்தைக்குத் தெரியாது என்பது பெரியவர்களின் ஆறுதல். இஸ்ரேலில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், திக்கிப் பேசும் பொம்மையையும் சரளமாகப் பேசும் பொம்மையையும் காட்டியபோது, மூன்று வயதிலேயே சில குழந்தைகள் வேறுபாட்டை உணர்ந்தனர். நான்கு வயதில் திக்கும் பொம்மையைத் தாழ்வாக மதிப்பிடத் தொடங்கிவிட்டனர். உடன் விளையாடும் பிள்ளைகளுக்கே தெரிவது அந்தக் குழந்தைக்குத் தெரியாமலா இருக்கும்? தன் வாய்க்குள் நடப்பதைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை என்றால், அது பேசக் கூடாத ஒன்று என்றே குழந்தை முடிவு கட்டும். "அந்தச் சொல்லு கொஞ்சம் மாட்டிக்கிச்சு இல்ல கண்ணு? பரவாயில்ல, அம்மா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒருமுறை சொல்வதில் எந்தத் தீங்கும் இல்லை.

பொருளறிந்து பேச வேண்டிய இடம் வீட்டு உரையாடல்தான். "மெதுவாப் பேசு", "மூச்சு இழுத்துட்டுச் சொல்லு", "யோசிச்சுப் பேசு" என்பவை அன்பில் பிறந்தவை. குழந்தையின் காதில் விழுவதோ "நீ பேசுவது சரியில்லை" என்ற ஒன்றுதான். மெதுவாகப் பேச வேண்டியவர் பெரியவர். குழந்தை முடித்தபின் ஒரு நொடி விட்டுப் பதில் சொன்னால், விரைந்து இடம் பிடிக்க வேண்டிய அவசரம் அதற்குக் குறையும். சொல்லைப் பாதியில் எடுத்து முடித்துக் கொடுப்பது உதவியன்று. பேசுபவரின் கையிலிருந்து பேச்சைப் பறிப்பது. பள்ளியிலிருந்து வந்ததும் "என்ன சொல்லிக் குடுத்தாங்க? யார்கூட விளையாடின? டிபன் சாப்ட்டியா?" என்று அடுக்குவதற்கு மாறாக, "இன்னைக்கு மழையில நல்லா நனைஞ்சுட்டே போல" என்று ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். விருந்தினர் முன்னால் "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்பதைக் கைவிடலாம். தீவு வீடுகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: ஊரில் இருக்கும் தாத்தாவிடம் கைப்பேசியில் பேசச் சொல்வது. அலைவரிசை தாமதிக்க, அந்தப்புறக் குரலும் இந்தப்புறக் குரலும் மோத, திக்கும் குழந்தைக்கு அதைவிடக் கடினமான மேடை இல்லை. பேச விரும்பினால் பேசட்டும். இல்லாவிட்டால் கை ஆட்டினால் போதும்.

பாடும்போது திக்கவில்லையே, அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறான் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. பாட்டிலும் கூட்டாகச் சொல்லும்போதும் திக்கல் மறைவது அதன் இயல்பு. ஒரு வாரம் மறைந்து மறுவாரம் திரும்புவதும் அப்படியே. நடிப்பென்று ஐயுறுவது கொடுமை.

'தானே போய்விடும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. திக்கத் தொடங்கும் குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினரோ அதற்கு மேலோ சில ஆண்டுகளில் மீள்கிறார்கள். பெண் குழந்தைகள் மிகுதியாக மீள்கிறார்கள். ஆனால் அது வாரங்களில் நடப்பதில்லை. மெல்போர்ன் ஆய்வின் 2013ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில், நான்கு வயதுக்குள் 11 விழுக்காட்டுக் குழந்தைகள் திக்கத் தொடங்கியிருந்தனர். அவர்களில் ஓராண்டுக்குள் மீண்டவர்கள் 6.3 விழுக்காடு மட்டுமே. எந்தக் குழந்தை மீளும், எது மீளாது என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல யாராலும் இயலாது. குடும்பத்தில் பெரியவராகியும் திக்குவோர் இருந்தாலும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகியும் குறையாவிட்டாலும், குழந்தை சொல்லோடு போராடினாலும், பேசுவதைத் தவிர்த்தாலும் காத்திருப்பதில் நியாயமில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்ல வேண்டும்.

அந்தப் பயிற்சியாளர் என்ன செய்வார் என்பதில்தான் மொழிக் கேள்விக்கு விடை இருக்கிறது. சிட்னியில் உருவான லிட்கோம் முறையில் சிகிச்சையைத் தருபவர் பெற்றோர். வாரந்தோறும் பயிற்சியாளர் வழிகாட்ட, நாள்தோறும் சிறிது நேரம் வீட்டில் குழந்தையோடு பேசி, தடையின்றி வந்த பேச்சை அளவோடு பாராட்டி, திக்கலின் அளவைக் குறித்துவருவது தாயோ தந்தையோதான். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நியூசிலாந்து ஆய்வு 54 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின் இம்முறையைப் பெற்றவர்கள் நூறு அசைகளில் சராசரியாக 1.5 அசைகளில் திக்கினர், மற்றவர்கள் 3.9. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையையும் கோரிக்கை–திறன் கோட்பாட்டின் வழி அமைந்த முறையையும் ஒப்பிட்டது. பதினெட்டு மாதங்களில் இரண்டிலும் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் திக்கலிலிருந்து விடுபட்டிருந்தனர். முறைகள் வேறு, கருவி ஒன்றே: பெற்றோர் குழந்தையோடு பேசும் பேச்சு. அதைத் தமக்கு முழுமையாக வராத மொழியில் எந்தத் தாய் நடத்துவார்? பாராட்டின் குரலை, விளையாட்டின் நகைப்பை, "அடேயப்பா, எவ்வளவு அழகாச் சொன்னே" என்பதை வேற்றுமொழியில் நடிக்க முடியுமா?

இங்கே மாயாபந்தரின் புவியியல் குறுக்கிடுகிறது. யூனியன் பிரதேசத்தின் பெரிய மருத்துவமனை இருக்கும் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஜாரவா ஒதுக்கிடத்தின் வழியே குறித்த நேரங்களில் மட்டும் வண்டிகள் அணிவகுத்துச் செல்ல வேண்டும். நீரிணையில் படகில் ஏற வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். வாரந்தோறும், பல மாதங்கள், மூன்று வயதுக் குழந்தையோடு இப்படிச் சென்று வரும்படி எந்தக் கூலித் தொழிலாளியிடமும் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. இதே சிகிச்சையை இணையவழிக் காணொளியில் நடத்தினால் நேரில் நடத்துவதற்குச் சமமான பலன் கிடைக்கிறதென 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். அது கரையேறும் இடங்களில் ஒன்று மத்திய அந்தமானின் ரங்கத். மைசூரில் 1965 முதல் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இயங்குகிறது. சென்னையில் தமிழ் பேசும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மைசூரையும் சென்னையையும் மாயாபந்தரின் ஒரு சமையலறையோடு இணைப்பதற்குத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. ஒருவரும் அதைத் தம் பொறுப்பென எடுத்துக்கொள்ளாததே தடை.

எடுத்துக்கொள்ளாததற்குச் சட்டத்திலும் திட்டத்திலும் இடமுண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் தேடிக் கண்டறியச் சொன்ன 30 நிலைகளில் மொழி வளர்ச்சித் தாமதம் இருக்கிறது, திக்கல் இல்லை. திக்கும் குழந்தைக்கு மொழி தாமதமாக வந்திருக்க வேண்டியதில்லை. சிலருக்கு முந்தியே வந்திருக்கும். ஆகவே அது வலையின் கண்ணில் நழுவிவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. பேச்சு–மொழிக் குறைபாட்டை நிலையானதாக, உடலுறுப்பு அல்லது நரம்புக் காரணத்தால் வந்ததாக வரையறுத்து, குரல்வளை நீக்கத்தையும் பக்கவாதம் போன்றவற்றால் வரும் பேச்சிழப்பையும் எடுத்துக்காட்டாக்கியது. மூன்று வயதில் தொடங்கி, பலருக்கு மறைந்து, சிலருக்கு நிலைக்கும் ஒன்றுக்கு அந்த வரையறையில் கதவு இல்லை.

பல்கலைக்கழகங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. புலம்பெயர் தமிழரின் மொழிப் பாதுகாப்பு குறித்துக் கருத்தரங்குகள் நடக்கின்றன. தாய்மொழி ஒரு வீட்டிலிருந்து எப்படி வெளியேறுகிறது என்று கேட்டால் உலகமயமும் ஆங்கில மோகமும் விடையாக வரும். ஒரு ஆசிரியர், திக்கும் குழந்தையின் பெற்றோரிடம் சொன்ன ஒற்றை வாக்கியத்தால் ஒரு வீட்டின் தமிழ் நின்றுபோகும் என்பது எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. மொழியியல் மாணவர் இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தையின் வினைமுற்றை எண்ணுகிறார். அதே ஒலிப்பதிவில் இருக்கும் தடுமாற்றங்களை 'இரைச்சல்' என்று வெட்டி எறிகிறார். தமிழும் ஹிந்தியும் கலந்து பேசும் தீவுக் குழந்தையின் இயல்பான தடுமாற்றம் எவ்வளவு, எந்த இடத்தில், எந்த வகையில் என்பதை எண்ணி வைத்தால்தான் அங்கன்வாடிப் பணியாளர் திக்கலை அதிலிருந்து பிரிக்க முடியும். வெட்டி எறியப்படும் பகுதியில்தான் அந்தக் கணக்கு கிடக்கிறது. மாயாபந்தரிலேயே மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்க வருபவர்களின் தம்பி தங்கைகளே அந்த ஆய்வுக்குரியவர்கள். ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் பெற்றோரின் ஒப்புதலும் ஒரு பருவத்தின் உழைப்பும் போதும்.

வகுப்பறையில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்ற சொல் வராமல் நிற்கும் குழந்தை கை தூக்கினால் ஏற்றுக்கொள்ளலாம். உரக்கப் படிக்கும் முறை வரும்போது, அதைக் கேட்டுத் தீர்மானிக்கலாம்: இன்று தனியாகவா, தோழனோடு சேர்ந்தா. 'திக்குவாய்' என்று கூப்பிடும் பிள்ளையை அந்த இடத்திலேயே நிறுத்தலாம்; திரைப்படம் அரை நூற்றாண்டாகக் கற்றுக்கொடுத்த சிரிப்பு அது, பிள்ளையின் கண்டுபிடிப்பன்று. மாலையில் அழைத்துச் செல்ல வரும் தாய் "டீச்சர், இனிமே வீட்ல ஹிந்தியே பேசவா?" என்று கேட்டால், அவர் தமிழிலேயே பேசலாம், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும் என்று சொல்லலாம்.